படத்தில் நிற்கும் பெண் யார்?

(புதுச்சத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் நின்று, ஐரோப்பாவில் எண்ணெய் வண்ணத்தில் எழுதிய சீமாட்டிகளின் உருவப்படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த மண்ணுக்கு ஒட்டாத பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். கவிஞராக நாம் கொண்டாடும் நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை தொழிலால் ஓவியர். 1888-இல் மோகனூரில் பிறந்த அவர், உருவப்படம் எழுதிக் குடும்பம் நடத்தினார். ஒருவரை எதிரில் உட்காரவைத்து, அவர் முகத்தையும் மிடுக்கையும் துணியில் இறக்குகிற அந்தக் கலை நம் மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கிறது. அது எங்கிருந்து இங்கே வந்தது, வரும் வழியில் எதைக் காப்பாற்றியது, எதைத் தொலைத்தது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உருவப்படத்தில் இருக்கும் ஆணின் பெயரை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. பெண்ணின் பெயரை எளிதாக நழுவ விடுகிறது. பெயர் போனால் அவள் செய்த காரியமும் போய்விடுகிறது. பிறகு அழகும் நகையும் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு யார் வேண்டுமானாலும் எந்தக் கதையையும் கட்டிவிடலாம். இதற்குச் சான்றாகச் சில படங்களை உங்கள் முன் வைக்கிறேன். அவற்றுள் முதன்மையானது, நம் பக்கத்து நாடான மைசூரில் 1805-இல் எழுதப்பட்ட படம்.

ஜெனோவாவின் மாளிகைகளில்

முதலில் இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போவோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு துறைமுகக் குடியரசு. மன்னர் கிடையாது. ஸ்பெயின் மன்னருக்கே கடன் கொடுக்கிற வணிகக் குடும்பங்கள் அந்நகரை ஆண்டன. டோரியா, ஸ்பினோலா, கிரிமால்டி, கட்டானியோ என்ற நாலைந்து பெயர்களுக்குள் செல்வமும் அதிகாரமும் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு குடும்பம் இன்னொன்றோடு சம்பந்தம் செய்துகொள்ளும்போது மாளிகைச் சுவருக்கு மணமகளின் ஆளுயரப் படம் ஒன்று வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைகிறவர் அந்தப் படத்தின் அடியில் நின்றுதான் பேச வேண்டும்.

பரோக் என்று பெயர் பெற்ற ஓவியக் காலம் அது. அதற்கு முன் அடக்கமாக, நேர்க்கோட்டில் நின்ற உருவங்கள் இந்தக் காலத்தில் அசையத் தொடங்கின. ஒளி ஒரு பக்கமிருந்து பாய்ந்தது. மறுபக்கம் இருள் அடர்ந்தது. திரைச்சீலை காற்றில் புடைத்தது. பார்ப்பவரை ஒரு கணம் நிறுத்தி, பணியவைக்கும் நோக்கம் அந்த ஓவியங்களில் வெளிப்படையாகவே இருந்தது.

1606-இல் பீட்டர் பால் ரூபன்ஸ், பிரிஜிதா ஸ்பினோலா டோரியா என்ற இளம் சீமாட்டியை எழுதினார். வெண்பட்டு உடை, தட்டுப்போல் விரிந்த கழுத்துப்பட்டை, அதற்கு மேலே ஒளி விழுந்த முகம். இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிற இந்தப் படம், முழுப் படம் இல்லை. நான்கு பக்கமும் வெட்டப்பட்டது. கால் இருந்த பகுதி போய்விட்டது. ரூபன்ஸ் வரைந்த முன்வரைவு ஒன்று நியூயார்க்கில் பாதுகாப்பாக இருப்பதால், அவள் மொட்டை மாடியில் முழு உருவமாக நின்றவள் என்று அறிகிறோம். படத்தை வெட்டியபோதும் ஒன்று தப்பித்தது. அவள் பெயர், 1606 என்ற ஆண்டு, 22 என்ற வயது ஆகியவற்றைச் சொல்லும் எழுத்து அது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவள் இன்று ‘வெண்பட்டு உடுத்திய பெண்’ என்ற அளவோடு நின்றிருப்பாள்.

ரூபன்ஸின் பட்டறையில் வளர்ந்தவர் ஆன்டனி வான் டைக். 1599-இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். 1621-இல் ஜெனோவா வந்து, 1623-இல் எலேனா கிரிமால்டி கட்டானியோ என்ற சீமாட்டியை எழுதினார். கிட்டத்தட்ட எட்டடி உயரப் படம். அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஓவியர் தம் பார்வையை மிகவும் தாழ்த்தி வைத்திருக்கிறார். அதனால் அவள் நம்மைவிட வெகு உயரத்தில் நிற்கிறாள். கறுத்த உடை தரைவரை அருவிபோல் இறங்குகிறது. மணிக்கட்டில் மட்டும் சிவப்புப் பட்டி. கையில் ஆரஞ்சுப் பூங்கொம்பு. பின்னால் வரிப்பள்ளம் இட்ட தூண்கள். அவள் நிற்கவில்லை, நடக்கிறாள். மாளிகையிலிருந்து தோட்டத்துக்குப் போகிற போக்கில் நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். தலைக்குப் பின்னே சிவந்த குடை. கோயில் திருவுருவத்துக்குப் பின்னால் திருவாசி நிற்கிறதே, அதே வேலையை அந்தக் குடை செய்கிறது. முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்துவிடுகிறது. கண்ணை அங்கிருந்து எடுக்க முடியவில்லை.

அந்தக் குடையைப் பிடித்திருப்பது யார்? ஆப்பிரிக்க இளைஞன் ஒருவன். அவள் பின்னால், முகத்தை மேலே தூக்கி நிற்கிறான். ஜெனோவா அடிமை வணிகம் நடந்த துறைமுகம். எலேனாவின் பெயர் மூன்று பகுதியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அவனுக்கு ஒரு பகுதி கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் வான் டைக் அவளுடைய சிறு பிள்ளைகள் இருவரையும் தனித்தனியே எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கும் பெயர் இருக்கிறது. குடை பிடித்தவனுக்கு இல்லை. யார் பெயர் தங்கும், யார் பெயர் தங்காது என்பதை ஓவியரின் திறமை முடிவு செய்வதில்லை. அந்த வீட்டின் கணக்குப் புத்தகம் முடிவு செய்கிறது.

இந்தச் சீமாட்டிகளின் கழுத்திலும் காதிலும் உள்ள முத்துக்களையும் மறக்க வேண்டாம். அக்காலத்து ஐரோப்பாவுக்கு முத்து போன கடல்கள் மிகச் சில. பாரசீக வளைகுடா ஒன்று. புதிய உலகத்தின் கடற்கரை ஒன்று. நம் மன்னார் வளைகுடா ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் மூச்சடக்கி மூழ்கிய பரதவர்களின் உழைப்பு எந்தெந்தக் கழுத்தில் போய்த் தொங்கியது என்று பெயர் குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் அந்த ஓவியங்களின் ஒளி முழுவதும் ஐரோப்பாவில் பிறந்ததல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

எண்ணெய் செய்த மாயம்

இவ்வளவு உயிரோட்டம் எப்படி வந்தது? பொருளைப் புரிந்துகொண்டால் வியப்பு குறையாது, கூடும். நம் கோயில் சுவரோவியங்களில் வண்ணத்தைப் பிசினிலோ சுண்ணத்திலோ சேர்த்தார்கள். அது விரைவில் உலர்ந்துவிடும். கோடு கூர்மையாக நிற்கும். ஐரோப்பிய ஓவியர் வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தார். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுகிறது. அதற்கு நாட்கணக்கில் ஆகும். அந்த அவகாசத்தில் கன்னத்தின் வெளிச்சத்தை நிழலோடு இழைத்துவிடலாம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இறுகிய அடுக்கின்மேல் கண்ணாடிபோல மெல்லிய வண்ணப் படலத்தை மறுபடி பூசுவார்கள். வெளிச்சம் அந்தப் படலத்துக்குள் நுழைந்து, அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும். பட்டுச் சேலையில் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறதே, அந்த மினுக்கத்தைத் துணியில் கொண்டுவந்தது இந்த உத்திதான். முத்துக்கு என்ன செய்தார்கள்? சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. அதன் ஓரத்தில் பக்கத்துத் துணியின் நிறம் லேசாக. உச்சியில் ஈய வெள்ளையில் தடிப்பாக ஒரே ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வைத்த கணத்தில் முத்து உருண்டு வெளியே வருகிறது.

சென்னைக்கு வந்த தூரிகைகள்

வான் டைக் 1632-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அவைக்குப் போனார். 1641-இல் லண்டனிலேயே இறந்தார். தூண், திரைச்சீலை, தாழ்ந்த பார்வைக் கோணம் என்ற அவருடைய வாய்ப்பாடு அங்கே வேரூன்றியது. பீட்டர் லீலி, காட்ஃப்ரி நெல்லர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் என்று அந்த மரபு கைமாறி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் அதுவும் ஏறி நம் கரைக்கு வந்தது. டில்லி கெட்டில் 1769-இல் சென்னையில் இறங்கினார். பிறகு ஜார்ஜ் வில்லிசன் வந்தார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இருவர் முன்னும் அமர்ந்தார். ஜெனோவாவின் வணிகக் குடும்பங்கள் மாளிகையில் மாட்டிய அதே வகைப் படம், இங்கே நவாபுக்கும் கம்பெனிக்கும் நடுவே அரசியல் பேசியது.

அரண்மனைப் பெண்கள் மட்டும் இந்தத் தூரிகைக்கு எட்டவில்லை. அந்நிய ஆண் ஒருவர் முன்னால் மணிக்கணக்கில் அமர்வது நம் அரச குடும்பங்களில் வழக்கமில்லை. ஆகவே நவாபுகளுக்கும் ராஜாக்களுக்கும் திவான்களுக்கும் படம் உண்டு, ராணிகளுக்கு அரிது. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 1805-இன் மைசூர்ப் படம் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது விளங்கும்.

அதை எழுதியவர் தாமஸ் ஹிக்கி. 1741-இல் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். இத்தாலியில் பயின்றவர். மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு ஓவியராகச் சீனாவுக்குப் போனவர். 1798-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அந்தப் போரின் தளபதிகளையும், புதிய மைசூர் அரசின் பெரிய மனிதர்களையும் அவர் எழுதினார். 1824-இல் சென்னையிலேயே மறைந்தார்.

லட்சுமி அம்மணியின் கதை

மைசூர் என்றால் நமக்கு அயல்தேசம் இல்லை. நாமக்கல் மலைக்கோட்டையை 1768-இல் ஆங்கிலப் படை பிடித்தது. அதே ஆண்டில் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கைப்படிதான் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்குப் போயின. அதுவரை இந்த நிலத்தின் வரி மைசூருக்குப் போயிற்று. அந்தக் காலத்து மைசூர் அரசியலில் திரைக்குப் பின்னே இருந்து ஓயாமல் போராடிய ஒருவர், ராணி லட்சுமி அம்மணி.

அவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி. ஹைதர் அலி ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, உடையார்களைப் பெயரளவு மன்னர்களாக ஆக்கினார். 1766-இல் கணவர் இறந்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாக, கண்காணிப்பில் இருந்துகொண்டே, இழந்த அரசைத் திரும்பப் பெற அவர் முயன்றார். திருமலை ராவ் என்ற தூதர் மூலம் கம்பெனியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1782-இல் தஞ்சாவூரில் அவர் சார்பில் ஓர் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. அது உடனே பலன் தரவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1799 மே 4-இல் திப்பு வீழ்ந்தபின், ஜூன் 30-இல் ஐந்து வயதுக்கும் குறைவாக இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். சிறுவனின் பாட்டி முறையில் லட்சுமி அம்மணி ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினார். பூர்ணையா திவானாக இருந்தார்.

இத்தனை இடருக்குப் பின் கிடைத்த அரசுக்கு, படையைவிடக் கொடிய பகை ஒன்று இருந்தது. பெரியம்மை. சேலம் கோட்டை மாரியம்மன் முன்னால் ஆடி மாதம் நம் மக்கள் கூடுவதற்குப் பின்னே எத்தனை தலைமுறைகளின் அச்சமும் வேண்டுதலும் இருக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேப்பிலை கட்டிய வாசலும், நடமாட்டம் அடங்கிய வீடும், பிழைத்தவர் முகத்தில் தழும்பும் இந்தச் சமவெளியில் வீட்டுக்கு வீடு இருந்தவை. அரண்மனைக்கும் விலக்கில்லை. லட்சுமி அம்மணியின் கணவரே பெரியம்மையால் இறந்தார் என்கிறார், இந்தப் படத்தை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் வரலாற்றாளர் நைஜல் சான்சலர்.

எட்வர்ட் ஜென்னர் 1796-இல் இங்கிலாந்தில் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் கண்டார். அதற்கான அம்மைப்பால் 1802-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 14-இல் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் இது வெற்றியாக முடிந்த முதல் நிகழ்ச்சி. அங்கிருந்து ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு என்று அம்மைப்பால் ஊர் ஊராகக் கடந்தது. சாதி பார்க்கும் சமூகத்தில் இந்தக் கை மாற்றம் எளிதில் ஏற்கப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் உடல்நீர் தன் பிள்ளையின் உடலில் கலக்கிறதே என்று பெற்றோர் தயங்கினார்கள். அம்மனின் கோபத்துக்கு ஆளாவோமோ என்றும் பயந்தார்கள்.

இந்தச் சூழலில் 1805-இல் ஹிக்கியின் முன்னால் மூன்று பெண்கள் நின்றார்கள்.

அந்தப் படத்தைப் பாருங்கள். அரசகுலத்து அணிகலன்கள், தலை அலங்காரம், உயர்ந்த சேலை. வலப்பக்கம் நிற்கும் இளம்பெண்ணின் வலக்கை சேலை விளிம்பில் இருக்கிறது. வழக்கமாக மூடியிருக்க வேண்டிய இடது மேற்கை வெளியே தெரிகிறது. அந்த இடத்தை அவள் நமக்குக் காட்டுகிறாள். பிறகு இடப்பக்கத்துப் பெண்ணின் முகத்துக்கு வாருங்கள். மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் தோலின் நிறம் சற்று மாறியிருக்கிறது. எந்தச் சீமாட்டியையும் மாசு மருவில்லாமல் எழுதிப் பழகிய ஓவியர், இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்தப் பெண்கள் நெடுங்காலம் நாட்டியப் பெண்கள் என்றே கருதப்பட்டார்கள். முகம் காட்டி நிற்கும் இந்தியப் பெண் வேறு யாராக இருக்க முடியும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். 2001-இல் வெளியான தம் கட்டுரையில் சான்சலர் வேறு வழியில் போனார். நகையைப் படித்தார், காலத்தைப் படித்தார், அந்தக் கை எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டார். வலப்பக்கம் இருப்பவர் இளைய ராணி தேவஜம்மணி. 1805-இல் பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுமியாக, தன் வயதொத்த மன்னருக்கு மனைவியாக மைசூர் வந்தவர். அம்மை குத்திய இடத்தைத்தான் அவர் காட்டுகிறார். இடப்பக்கம் இருப்பவர் அதே பெயர் கொண்ட மூத்த ராணி. அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதும் பழைய முறையால் பாதுகாப்புப் பெற்றவர். முகத்தின் நிறமாற்றம் அதன் அடையாளம். நடுவில் இருப்பவர் லட்சுமி அம்மணி. இதுவே சான்சலரின் முடிவு. இளைய ராணி அம்மை குத்திக்கொண்டது மக்களிடையே நல்ல விளைவை உண்டாக்கியது என்று 1806 ஜூலை மாதக் குறிப்பு ஒன்று சொல்வது இதற்கு வலுச்சேர்க்கிறது.

இப்போது படத்தின் பொருளே மாறிவிடுகிறது. அலங்காரமாக நின்ற மூவர் ஓர் அறிவிப்பாக மாறுகிறார்கள். பழைய முறை ஒரு பக்கம், புதிய முறை மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே முடிவெடுத்த மூதாட்டி. நாட்டின் உயர்ந்த குடும்பத்துப் பெண்கள் நாங்களே இதை ஏற்றோம், நீங்களும் அஞ்ச வேண்டாம் என்று குடிமக்களைப் பார்த்துச் சொல்லும் படம் அது. கம்பெனிக்கு இதில் ஆதாயம் இருந்தது உண்மை. தன் மருத்துவத்துக்கு அரண்மனையின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஆனால் அந்நிய ஓவியர் முன் நிற்பதென்றும், சேலை ஒதுக்கிக் கை காட்டுவதென்றும் அரண்மனைப் பெண்களின் ஒப்புதல் இல்லாமல் நடந்திருக்க முடியாது. கணவரைப் பெரியம்மைக்கும், அரசைப் பிறருக்கும் பறிகொடுத்து, முப்பது ஆண்டு காத்திருந்த ஒருவரின் தீர்க்கமான முடிவாகவே நான் இதைக் காண்கிறேன்.

இந்த அவையில் மூத்தவர்கள் பலரின் மேற்கையில் வட்டத் தழும்பு இருக்கும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கவைத்துக் குத்தியது. 1980-இல் உலகச் சுகாதார அமைப்பு பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அந்த நீண்ட வரிசையின் முன்பகுதியில், நமக்கு மிக அருகில், ஒரு பன்னிரண்டு வயது ராணி நிற்கிறாள். அவளை நாட்டியப் பெண் என்று பெயர்மாற்றி வைத்திருந்தோம். நாட்டியப் பெண்ணாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அவள் செய்த காரியம் மறைந்துபோனதே, அதுதான் குறை.

பெயர் பொறித்த தோள்கள்

பெண்ணின் பெயரை விட்டுவிடும் பழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்ததல்ல. மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக்குப் போங்கள். ஒரு பக்கம் சிம்மவிஷ்ணு அமர்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம் மகேந்திரன் நிற்கிறார். ஒவ்வொருவர் அருகிலும் இரண்டு அரசியர். மன்னர் இருவருக்கும் மேலே பெயர் வெட்டியிருக்கிறது. நான்கு அரசியருக்கும் இல்லை. கொடிபோல் நிற்கும் அந்த உருவங்களைக் கல்லில் கொண்டுவரச் சிற்பி அவ்வளவு பாடுபட்டார்; அவர்கள் பெயரை வெட்ட வேண்டும் என்று எழுத்து வெட்ட வந்தவருக்கு ஏனோ தோன்றவில்லை.

இதற்கு மாறாகத் திருமலைக் கோயிலைப் பாருங்கள். நுழைவு மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிற்கிறார். இரு புறமும் அரசியர். மூவர் தோளிலும் பெயர் பொறித்திருக்கிறது. ஆகவே திருமலாதேவி யார், சின்னாதேவி யார் என்று ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும் தயக்கமின்றிச் சொல்கிறோம். ஒரு விரற்கடை எழுத்து செய்த வேலை அது.

ஹிக்கியே 1816-இல் சென்னையில் எழுதிய இன்னொரு படம் இதைத்தான் உறுதி செய்கிறது. ஊர் ஊராகச் சுவடியும் கல்வெட்டும் திரட்டிய காலின் மெக்கன்சியின் படம். அவரோடு மூன்று இந்தியர் நிற்கிறார்கள். அவர்கள் வெறும் துணையாட்களாகக் கரைந்துபோகவில்லை. சமணப் பண்டிதர் தர்மையா, காவலி வெங்கட லட்சுமையா, தொலைநோக்கியைத் தாங்கும் சேவகர் கிஷ்டனாஜி என்று மூவரையும் பெயர் சொல்லி அறிகிறோம். குடை பிடித்த ஜெனோவா இளைஞனுக்குக் கிடைக்காதது, தொலைநோக்கி பிடித்த கிஷ்டனாஜிக்குக் கிடைத்தது.

நம் வீடுகளுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கொண்டுவந்தவர் ராஜா ரவிவர்மா. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அவைக்கு வந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் ஓவியத்தில் வல்லவர். ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் அங்கே வந்தபோது அவர் எழுதுவதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு ரவிவர்மாவுக்குக் கிடைத்தது. அரண்மனைச் சீமாட்டிகளை எழுத அவருக்கு ஐரோப்பியருக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. அவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள். திருவிதாங்கூர் ராணி பரணித் திருநாள் லட்சுமி பாய் அவர் மனைவியின் சகோதரி. ஆகவே ரவிவர்மாவின் ராணிகள் விருந்தினர்போல் விறைத்து நிற்பதில்லை. வீட்டு மனிதர்போல் இருக்கிறார்கள்.

1893-இல் அவர் எழுதிச் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய படங்களில் ஒன்று, ‘அதோ அப்பா வருகிறார்’. குழந்தையை இடுப்பில் வைத்து, வாசல் பக்கம் கைகாட்டும் இளந்தாய். அந்தப் படத்தைத் தெரியாதவர் குறைவு. அவள் ரவிவர்மாவின் மகள் மகாபிரபா என்று தெரிந்தவர் அதைவிடக் குறைவு. மகாபிரபாவுக்குப் பின்னாளில் பிறந்த சேது லட்சுமி பாய் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தலைப்பில் இருப்பவர் படத்திலேயே இல்லாத அப்பா. படம் முழுக்க நிறைந்திருப்பவரின் பெயர் தலைப்பில் இல்லை.

நம் வீட்டுச் சுவர்கள்

அன்பர்களே, இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போனது அயலூர்ச் சீமாட்டிகளுக்காக மட்டும் அன்று. கொங்கு நாட்டு வீடுகளின் ஆசாரத்தில் படங்கள் மாட்டியிருக்கின்றன. சில எண்ணெய் வண்ணத்தில் எழுதியவை. பல கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் கையால் வண்ணம் ஏற்றியவை. அப்பாரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பத்தா பக்கத்தில் நிற்பார். பின்னணியில் தூணும் திரைச்சீலையும் இருக்கும். அந்தத் தூண் நம் ஊர்த் தூண் அல்ல; ஜெனோவாவிலிருந்து லண்டன், சென்னை வழியாக ஸ்டுடியோத் திரைக்கு வந்து சேர்ந்த வான் டைக்கின் தூண். வடிவத்தை நாம் பத்திரமாக வாங்கிக்கொண்டோம். பெயரைப் பத்திரப்படுத்தினோமா?

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளில் லாரி நெற்றியில் பெண்பிள்ளைகளின் பெயரை எவ்வளவு ஆசையாக எழுதுகிறோம். காஷ்மீர்வரை அந்தப் பெயர் போய்வருகிறது. மகளுக்குச் செய்கிற இந்த மரியாதையை அப்பத்தாவுக்கும் அம்மாயிக்கும் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவியர் கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை, தேதி ஏதாவது இருந்தால் அதை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். எண்ணெய் ஓவியமாக இருந்தால் துணியின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முன்பக்கம் வரும். தனிக் காகிதத்தில் பென்சிலால் எழுதிச் சட்டத்தின் மரத்தில் இணையுங்கள். பெயர், பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், படம் எடுத்த காலம், அவர் செய்த காரியங்கள். இன்னாருடைய மனைவி என்பதோடு நிறுத்தாதீர்கள். கிணறு வெட்டும்போது நகையைக் கழற்றிக் கொடுத்தாரா, ஊருக்கு மருத்துவச்சியாக இருந்தாரா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வழக்கத்தை எதிர்த்து நின்றாரா, அதை எழுதுங்கள்.

படத்தைக் காப்பாற்றவும் சில எளிய வழிகள் உண்டு. ஈரத்துணியாலும் தேங்காய் எண்ணெயாலும் துடைக்க வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். அடுப்புப் புகை படும் இடத்திலும், மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரிலும் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்னால் கீழ்மூலைகளில் இரண்டு சிறு கட்டைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும். மேற்பூச்சு மஞ்சளித்திருந்தாலும், வண்ணம் வெடித்திருந்தாலும், தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு யாரையும் புதுவண்ணம் பூசவிடாதீர்கள். அருங்காட்சியகத்தில் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள். ஒருமுறை மேலே பூசிவிட்டால், அடியில் இருந்த முகம் மீண்டு வருவது கடினம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பேசத் தெம்புள்ள பெரியவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரமே ஒரு படத்தை இறக்கி அவர் மடியில் வையுங்கள். இதில் இருப்பது யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். உறவுமுறையோடு நிறுத்தினால், பெயர் என்ன என்று மறுபடி கேளுங்கள். அந்தக் கழுத்து நகை எப்படி வந்தது, அந்தச் சேலை எங்கே எடுத்தது, அந்தக் கை ஏன் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்பது இதுதான். கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து ஒருவர் மைசூர் ராணிகளை மீட்டது இதே கேள்விகளால்தான். பள்ளி இதை ஏற்று, ஊருக்கு ஒரு பெயரேடாகத் தொகுத்தால், நூறு ஆண்டுக்குப் பின் வரும் வரலாற்றாளர் உங்களை நன்றியோடு நினைப்பார்.

இந்த அறக்கட்டளை ஒரு தாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாயின் புகைப்படத்துக்கு மாலை போடுவதோடு நிற்காமல், அவர் பெயரை ஆண்டுதோறும் ஊர் நடுவே சொல்லும்படி செய்திருக்கிறார்கள் அவர் மக்கள். நான் இன்று பேசிய கருத்தை அவர்கள் முன்பே செயலில் காட்டிவிட்டார்கள். மற்ற வீடுகளும் அவரவர் அளவில் இதைச் செய்யட்டும். செலவு ஒரு காகிதமும் பென்சிலும்தான்.